மாத்திரை கரையும் வரை

ரவுப், பகாங்
12 ஜனவரி 2025

அக்கா ஷாரனுக்கு,

தம்பி சவரிராஜ் எழுதறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழிச்சுப் போட்டுடாத. நீ என் நம்பரை பிளாக் பண்ணி ரெண்டு வருஷம் ஆச்சு, அதனாலதான் தபால். போஸ்ட் ஆபீஸ்ல சிங்கப்பூருக்கு ஸ்டாம்ப் கேட்டா அந்தப் பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்க்குது.

நான் இப்போ ரவுப் டவுனிலிருந்து உள்ளே, மண் ரோட்டுல முப்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு டுரியான் தோட்டத்துல காவலுக்கு இருக்கேன். ஹெராயினை விட்டு எட்டு மாசம் ஆகுது. நீ நம்ப மாட்ட. பரவாயில்ல, கேளு.

இதை விட்டவங்களுக்கு ஒரு மாத்திரை தர்றாங்க. நாக்குக்கு அடியில வச்சுக் கரைய விடணும். அது இருந்தா உடம்பு அதைக் கேட்டு அலையாது. ஆனா அதுக்காக நான் தினமும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகணும். மோட்டார் சைக்கிள்ல போக ஒண்ணரை மணி நேரம், வர ஒண்ணரை மணி நேரம், அங்க வரிசை வேற. இதனால மூணு இடத்துல வேலை போச்சு. இந்தத் தோட்டத்து முதலாளி தவுக்கேயும் முறைக்க ஆரம்பிச்சிட்டார்.

இப்போ புதுசா ஒரு திட்டம் வந்திருக்கு. கோலாலம்பூர்ல இருந்து டாக்டர் வைதேகி வீடியோவுலயே பார்ப்பாங்க. எங்க கிராம கிளினிக்குல யாசர்னு ஒருத்தர் திங்கட்கிழமைதோறும் ஏழு மாத்திரை எண்ணிக் கொடுப்பார். ஒரே நிபந்தனை. நான் வித்துடாம, ஒளிச்சு வைக்காம, தினமும் காலையில அது வாயில கரையற வரைக்கும் ஒருத்தர் பார்க்கணும். பார்த்துட்டு ஆப்ல ‘பார்த்தேன்’னு ஒரு பட்டனை அமுக்கணும். மத்தவங்களுக்கு வீட்டு ஆள் இருக்கு. எனக்கு ரெண்டு நாய்தான் இருக்கு. சொந்தக்காரங்க தூரத்துல இருந்தா வீடியோவுல பார்க்கலாமாம்.

எனக்கு நெருங்கின சொந்தம்னு நீ ஒருத்திதான். தினமும் பத்து நிமிஷம். முடியுமா?

சவரி

---

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்
26 ஜனவரி 2025

சவரி,

முடியாது.

காரணம் வேணுமா? அம்மா செத்து, எங்க அடுக்குமாடி புளோக்குக் கீழே கிடத்தியிருந்தப்ப நீ எப்படி வந்தன்னு ஞாபகம் இருக்கா? ஃபாதர் ஜெபம் சொல்லிட்டிருக்கார், கோயில் சனம் முழுக்க நிக்குது, நீ பெட்டி மேல சாஞ்சு வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கற. என் பையன் ஜேடனோட சிநேகிதன் எய்டனோட அம்மா என் காதுல வந்து, “உங்க தம்பிக்கு உடம்பு சரியில்லையா?”ன்னு கேட்டாங்க. எனக்கு அப்படியே பூமிக்குள்ள போயிடலாம் போல இருந்துச்சு.

இப்போ ஒரு மாத்திரையோட வந்திருக்க. அந்த மாத்திரையை எனக்குத் தெரியாதா? நான் தேக்காவுல மருந்துக்கடைக்கு வேலைக்கு வந்த புதுசுல இதே மாத்திரையைத்தான் இங்கயும் டாக்டருங்க எழுதிக் கொடுத்தாங்க. அதைத் தண்ணியில கரைச்சு ஊசியில ஏத்திக்கிட்டு பஃபலோ ரோடு பின்பக்கம் விழுந்து கிடந்தவங்களை நான் கண்ணால பார்த்திருக்கேன். அதுக்கப்புறம் தடை பண்ணிட்டாங்க. இங்க அதைச் சும்மா கையில வச்சிருந்தாலே ஜெயில் லா.

இருபது வருஷமா அதே கடை. பூட்டி வைக்கிற மருந்து அலமாரியோட சாவி என் கழுத்துல தொங்குது. தினமும் எண்ணிக் கையெழுத்துப் போடறவ நான். உன் போதைக்கு மாத்துப் போதையை நான் வேடிக்கை பார்த்துட்டு ‘பார்த்தேன்’னு அமுக்கணுமா? நல்லா இருக்கு.

விடறதுன்னா முழுசா விடு. அப்புறம் எழுது.

ஷாரன்

---

ரவுப்
9 பிப்ரவரி 2025

அக்கா,

நீ சொன்னது எல்லாம் உண்மைதான். பெட்டி மேல சாஞ்சேன். ஆனா அன்னிக்கே என்னை பஸ் ஏத்தி அனுப்பிட்ட. அம்மாவுக்கு ஒரு பிடி மண்ணு போட விடல. அதையும் ஒரு பக்கம் எழுதி வச்சுக்கோ.

மாத்திரை பத்தி யாசர் கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். இப்போ அதுல வேற ஒரு மருந்தையும் கலந்து வச்சிருக்காங்க. கரைச்சு ஊசியில ஏத்தினா போதை வராது, உடம்பு முறுக்கிப் போட்டுடும். முறையா வாயில வச்சா எனக்கு ஒரு கிறக்கமும் இல்ல. காலையில எழுந்து நாய்க்குச் சோறு வைக்கிறேன், வேலியைச் சுத்தி வர்றேன். அவ்வளவுதான் அது எனக்குக் கொடுக்கிறது. அவ்வளவு போதும் எனக்கு.

முழுசா விடுன்னு சுலபமா சொல்லிட்ட. பக்கத்துத் தோட்டத்துல நிதீஷ்னு ஒரு பையன், இருபத்தாறு வயசு. நானும் அவனும் ஒரே மோட்டார் சைக்கிள்ல டவுனுக்குப் போவோம். தினமும் மூணு மணி நேரம் ரோட்டுல கழிக்க முடியலன்னு டிசம்பர்ல நிறுத்திட்டான். “அண்ணே, முழுசா விட்டுட்டேன்”னு சொன்னான். பொங்கலுக்கு மறுநாள் அவனைத் தொழிலாளர் லயத்துக் குளியலறையில கண்டெடுத்தாங்க. ஊசி கையிலயே இருந்துச்சு. ரவுப் ஆஸ்பத்திரியில பிணத்தை வாங்கக் கையெழுத்துப் போட ஆளில்லாம நான்தான் போனேன்.

மார்ச் ஒண்ணாம் தேதிக்குள்ள சாட்சி பேரு கொடுக்கணும். கொடுக்கலன்னா இந்த இடம் வேற ஒருத்தருக்குப் போயிடும். நாலு மாவட்டத்துக்கும் சேர்த்து இருபது பேருக்குத்தான் இடம்.

சவரி

---

ஆங் மோ கியோ
20 பிப்ரவரி 2025

சவரி,

அந்தப் பையன் விஷயத்தைப் படிச்சிட்டுக் கடைக்குப் போய் ரெண்டு தடவை லேபிள் மாத்தி ஒட்டிட்டேன். எங்க தலைமை மருந்தாளர் மிஸ் ஆரபி கண்ணாடியை இறக்கிப் பார்த்தாங்க. எனக்கு இதெல்லாம் தேவையா?

சரி. பார்க்கிறேன். பாசத்துல இல்ல, தெரிஞ்சுக்கோ. நாளைக்கு உன் பிணத்துக்குக் கையெழுத்துப் போட நான் ரவுப் வரைக்கும் அலைய முடியாது.

காலையில ஆறே முக்காலுக்கு நான் கூப்பிடுவேன். ஒரு நிமிஷம் லேட்டானாலும் நான் போயிடுவேன். ஏழரைக்கு நான் எம்ஆர்டி ரயில்ல இருக்கணும், நியூட்டன்ல மாறணும், கடை திறக்கணும். ஜேடன் நீ யாருன்னு கேட்டா மாமான்னு மட்டும் சொல்லுவேன், வேற கதை கிடையாது. ஆப்லதான் கூப்பிடுவேன். உன் நம்பர் பிளாக்லயே இருக்கும்.

நானே போன் பண்ணி என் பேரைக் கொடுத்துட்டேன். டாக்டர் வைதேகி என்கிட்ட அரை மணி நேரம் பேசினாங்க. சின்னப் பொண்ணு மாதிரி குரல், ஆனா கறார். “நீங்க கண்ணால பார்த்தா மட்டும்தான் அமுக்கணும், மிஸஸ் ஷாரன்”னு மூணு தடவை சொன்னாங்க. எனக்கே பாடமான்னு கோபம் வந்துச்சு.

ஷாரன்

---

ரவுப்
23 மார்ச் 2025

அக்கா,

தினமும் முகத்தைப் பார்த்துட்டு ஏன் கடுதாசின்னு நினைப்ப. காரணம் இருக்கு. நீ கூப்பிடற, நான் மாத்திரையை நாக்குக்கு அடியில வைக்கிறேன். அது கரைய பத்து நிமிஷம். அதுவரைக்கும் நான் பேசக் கூடாது, விழுங்கக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது. நீ அந்தப் பத்து நிமிஷமும் என்னைத் திட்டற! கரைஞ்சு முடிஞ்சு நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ‘பார்த்தேன்’னு அமுக்கிட்டு எம்ஆர்டிக்கு ஓடற. இது என்ன நியாயம்?

இந்த மாசம் நீ திட்டினதுக்கு எல்லாம் பதில் எழுதறேன். ஒண்ணு, என் சட்டை அழுக்கு இல்ல, அது பலாப்பால் கறை. ரெண்டு, அம்மாவோட தையல் மெஷினை நான் விக்கல, அது குளுவாங்ல பெரியப்பா வீட்டுல இருக்கு, வேணும்னா கேட்டுப் பாரு. மூணு, 2016ல உன் கல்யாணத்துக்கு நான் வராததுக்குக் காரணம் போதை இல்ல. அன்னிக்கு என்கிட்ட நல்ல சட்டை இல்ல. மத்ததுக்கெல்லாம் காரணம் போதைதான்.

நேத்து நீ அயர்ன் பண்ணிட்டே அம்மா கடைசி நாள்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதைச் சொன்ன. அப்புறம் அழுத. நான் இங்க தண்ணி டாங்க் மேட்டுல, சிக்னல் கிடைக்கிற ஒரே கல்லு மேல உட்கார்ந்து, வாயில மாத்திரையோட உன்னைப் பார்த்துட்டு இருந்தேன். துப்பிட்டுப் பேசலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. துப்பினா அன்னிக்கு மருந்து போச்சு.

இனிமே அழறதா இருந்தா மாத்திரைக்கு முன்னாடி அழு.

சவரி

---

ஆங் மோ கியோ
3 ஏப்ரல் 2025

சவரி,

உன் கடுதாசியைப் படிச்சு ரயில்ல தனியா சிரிச்சேன். பக்கத்துல இருந்த சீனப் பாட்டி இடம் மாறி உட்கார்ந்துட்டாங்க.

ஆனா எனக்கும் சொல்ல இருக்கு. போன வாரம் மூணு நாள் வீடியோ நின்னுடுச்சு. ஸ்கிரீன்ல உன் மூக்கு மட்டும் நிக்குது. நான் ஹலோ ஹலோன்னு கத்தறேன், ஜேடன் பாத்ரூம்ல இருந்து “என்னம்மா”ன்னு கத்தறான். எட்டு மணிக்கு அந்தப் பட்டன் மூடிக்கும். அதுக்குள்ள அமுக்கலன்னா ‘தவறியது’ன்னு சிவப்பா வருது, நீ டவுனுக்கு ஓடணும். உதவி எண்ணுக்குப் போன் பண்ணினா ஒண்ணை அமுக்கு, மூணை அமுக்குன்னு சொல்லிட்டுப் பாட்டுப் போடறாங்க. டாக்டருக்கு எழுதினா, உங்க பக்கம் டவர் வைக்கச் சொல்லி அவங்களும் ஒரு வருஷமா எழுதிட்டுத்தான் இருக்காங்களாம். வீடியோவுல வைத்தியம் பார்க்கறதா இருந்தா முதல்ல வீடியோ வரணும் இல்ல?

இன்னொண்ணு. எத்தனை நாள் இப்படி? தவக்காலம் முடியப் போகுது. கோயில்ல உன் பேருக்குப் பூசை வச்சிருக்கேன். ஜெபக் கூட்டத்துல எல்லாரும், “உங்க தம்பி மருந்தில்லாம இருக்காரா?”ன்னு கேட்கிறாங்க. நான் என்ன சொல்றது? ஈஸ்டர் பாஸ்காவுக்குள்ள ஒரு நாளாவது அது இல்லாம இருந்து பாரேன். அம்மா சந்தோஷப்படுவாங்க.

ஷாரன்

---

ரவுப்
23 ஏப்ரல் 2025

அக்கா,

என்னைத் திட்டத்துல இருந்து நிறுத்தி வச்சிட்டாங்க. ஆப்ல என் பேரை அமுக்கினா திறக்கலைன்னு நீ செவ்வாய்க்கிழமை யோசிச்சிருப்ப. இதுதான் காரணம்.

என்ன நடந்துச்சுன்னு வரிசையா எழுதறேன், எனக்கே தலை சுத்துது. வியாழக்கிழமை காலையில மாத்திரை என் வாயில இருக்கு. நீ சொல்ற, “நாளைக்குப் பெரிய வெள்ளி. நம்ம வீட்டு வழக்கப்படி ஒருசந்தி இரு. ஆண்டவர் உயிர் விட்ட மூணு மணி வரைக்கும் வாயில எதையும் வைக்காத, அந்த மாத்திரையையும்தான். கோயில் முடிஞ்சதும் கூப்பிடறேன், அப்போ வச்சுக்கோ. ஆப்ல காலையிலயே நான் அமுக்கிடறேன்.” நான் வாய் திறக்க முடியுமா? தலையை ஆட்டினேன். அதுக்குள்ள நீ போயிட்ட.

வெள்ளிக்கிழமை மூணு மணியில இருந்து அந்தக் கல்லு மேல உட்கார்ந்திருந்தேன். மாத்திரை சட்டைப் பையில. நாலாச்சு, அஞ்சாச்சு. மழை பிடிச்சுக்கிச்சு, சிக்னல் போச்சு. ஆறு மணிக்கு இறங்கிட்டேன். தனியா எடுத்திருக்கலாம்னு சொல்லுவ. யாரும் பார்க்காம மருந்து எடுக்கிறது பழைய சவரியோட வேலை. உன் முன்னாடிதான் எடுப்பேன்னு முதல் நாளே எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

சனிக்கிழமை, “நேத்து எடுத்துட்டல்ல?”ன்னு கேட்ட. இல்லன்னு தலையை ஆட்டினேன். நீ ஜேடன் பக்கம் திரும்பிட்ட.

திங்கட்கிழமை யாசர் எண்ணிப் பார்த்தார். ஆப்ல ஏழும் பார்த்ததா இருக்கு, என்கிட்ட ஒண்ணு மிச்சம் இருக்கு. மனுஷன் நல்லவர்தான். ஆனா மிச்ச மாத்திரைன்னா விக்கறதுக்குன்னுதான் எழுதியாகணும்.

வாரக் கடைசியில விசாரணை.

சவரி

---

ஆங் மோ கியோ
2 மே 2025

சவரி,

உன் கடுதாசி வர்றதுக்குள்ள நான் பைத்தியம் ஆயிட்டேன். பிளாக்கை எடுத்துட்டு உன் நம்பருக்கு முப்பது தடவை அடிச்சேன், ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ன்னு ஒரு பொம்பளை மலாயில சொல்லிட்டே இருக்கா.

பெரிய வெள்ளியன்னிக்கு லூர்து மாதா கோயில்ல எவ்வளவு கூட்டம் தெரியுமா? சிலுவையை முத்தமிட வரிசை வெளியே ரோடு வரைக்கும். போனை அணைச்சு வச்சிருந்தேன். முடிஞ்சு கஞ்சி ஊத்தினாங்க, பாத்திரம் கழுவ ஆளில்ல, நின்னுட்டேன். நான் கூப்பிட்டப்ப ஆறே கால். நீ எடுக்கல. அதுக்கு நான் என்ன பண்ண?

நீயும்தான் யோசிச்சிருக்கணும். வாழ்க்கையில நான் சொன்ன நல்லது எதையாவது கேட்டிருக்கியா நீ? பள்ளிக்கூடம் போன்னு சொன்னேன், கேட்டியா? அந்தப் பசங்களோட சேராதன்னு சொன்னேன், கேட்டியா? இதை மட்டும் ஏன் சொன்ன உடனே கேட்ட? கூப்பிடலன்னா எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? ஐயோ, உன்னோட பெரிய ரோதனை சவரி.

ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். பார்க்காம நான் அமுக்கினதை டாக்டர் கிட்ட சொன்னியா? அதுக்கு மட்டும் பதில் போடு. மிஸ் ஆரபிக்குத் தெரிஞ்சா என் கதி என்னன்னு உனக்குத் தெரியுமா? எண்ணாம எண்ணினேன்னு கையெழுத்துப் போட்டவளை யாரு அந்த அலமாரி பக்கம் விடுவாங்க?

ஷாரன்

---

ரவுப்
12 மே 2025

அக்கா,

சொல்லல.

விசாரணையில டாக்டர் வைதேகி, “வெள்ளிக்கிழமை உங்க அக்கா பார்த்தாங்களா?”ன்னு கேட்டாங்க. பார்த்தாங்கன்னு சொன்னேன். வாயில வச்சிட்டு, நீ கண் அசந்த நேரத்துல வெளியே எடுத்து ஒளிச்சேன்னு சொன்னேன். எச்சில் பட்ட மாத்திரை மாதிரி இல்லையேன்னு யாசர் சொன்னார். நான் விடாம அதையே சொன்னேன். என் பேரை அடிச்சிட்டாங்க.

இனி உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது. பயப்படாத.

மறுபடியும் டவுனுக்கு ஓட்டம். ரெண்டு வாரத்துக்கு மேல ஓடினேன். தவுக்கே வேற ஆள் பார்த்துட்டார், மாசக் கடைசி வரைக்கும் இருக்கச் சொல்லியிருக்கார். ஒம்பதாம் தேதி மழையில மண் ரோடு அறுத்துக்கிட்டுப் போச்சு, ஆஸ்பத்திரிக்குப் போக முடியல. மறுநாளும் போக முடியல. மூணாம் நாள், அதாவது நேத்து, எங்க கிராமத்துப் பெட்ரோல் ஸ்டேஷன் பின்னாடி நிக்கிறவனைப் பார்த்துட்டேன். ஒரு தடவை. ஒரு வருஷத்துக்கப்புறம் ஒரு தடவை. உன்கிட்ட மறைக்கத் தெரியல, எழுதிட்டேன்.

ஒண்ணு கேட்கணும். கோபத்துல கேட்கல. அம்மா ஒருசந்தி இருக்கிற பெரிய வெள்ளியில காலையில பிரஷர் மாத்திரை கொடுத்தது யாரு? நீதானே? அம்மா வேண்டாம், மூணு மணிக்கு மேல போட்டுக்கிறேன்னு அடம் பிடிப்பாங்க. “மருந்துக்கு ஒருசந்தி கிடையாது, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார், வாயைத் திற”ன்னு நீதானே திட்டிக் கொடுப்ப?

சவரி

---

ஆங் மோ கியோ
22 மே 2025

என் தம்பி சவரிக்கு,

நான்தான் கொடுத்தேன். ஒவ்வொரு வருஷமும். அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டாலும் விட மாட்டேன்.

உன் கடுதாசியை புளோக்குக் கீழே தபால்பெட்டி பக்கத்துலயே நின்னு படிச்சேன். அங்கேயே உட்கார்ந்துட்டேன், அம்மாவைக் கிடத்தியிருந்தோமே, அந்தத் தூண் பக்கத்துல. மருந்துக்கு ஒருசந்தி கிடையாதுன்னு எனக்குத் தெரியாதா? சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்போ உன் மாத்திரையை மட்டும் நான் ஏன் நிறுத்தினேன்? ஏன்னா அதை நான் மருந்துன்னே நினைக்கல, சவரி. ரெண்டு மாசமா தினமும் உன் முகத்தைப் பார்த்துக்கிட்டு, நீ போதைதான் எடுக்கறன்னு நினைச்சுக்கிட்டே ‘பார்த்தேன்’னு அமுக்கியிருக்கேன். பொய்யா அமுக்கினது அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் இல்ல.

மறுநாள் காலையில முதல் வேலையா டாக்டர் வைதேகிக்குப் போன் பண்ணினேன். எல்லாத்தையும் சொன்னேன். நான்தான் எடுக்காதன்னு சொன்னேன், பார்க்காமலே அமுக்கினது நான், என் தம்பி எனக்காகப் பொய் சொன்னான். அவங்க, “உங்க தம்பி சொன்ன கதை எனக்கும் ஒட்டல”ன்னு சொன்னாங்க. ஒரு தடவை தவறினதையும் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ. அதுக்கு அவங்க, “தவறினா வைத்தியத்தைக் கூட்டணும், நிறுத்தக் கூடாது”ன்னு சொன்னாங்க. வர்ற திங்கட்கிழமையில இருந்து உனக்கு மறுபடியும் மாத்திரை உண்டு. இது உன் கைக்கு வர்றதுக்குள்ள யாசர் உன்னைத் தேடி வந்திருப்பார். தவுக்கே கிட்டயும் அவரே பேசறாராம்.

ஆனா நான் இனி சாட்சி இல்ல. கேட்டுப் பார்த்தேன். கெஞ்சினேன்னே வச்சுக்கோ. “நீங்க உண்மையைச் சொன்னதுக்கு நன்றி, ஆனா முடியாது”ன்னுட்டாங்க. அவங்க இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

மிஸ் ஆரபி கிட்டயும் சொல்லிட்டேன். வேற யார் மூலமாவது அவங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு. திட்டல. கையை நீட்டினாங்க, கழுத்துல இருந்து சாவியைக் கழட்டிக் கொடுத்தேன். வேலை இருக்கு. இப்போ முன் கவுண்டர்ல தைலமும் இருமல் மருந்தும் விக்கிறேன். இருபது வருஷமா தொங்கின இடம் லேசா இருக்கு, கை அடிக்கடி கழுத்துக்குப் போகுது.

நீ ஒரு தடவை எடுத்ததுல எனக்குக் கோபம் இருக்கு. இல்லன்னு சொன்னா அதுவும் பொய். ஆனா அந்த ரோட்டுல உன்னை மறுபடியும் ஓட விட்டவ நான்.

அக்கா

---

ரவுப்
8 ஜூன் 2025

அக்கா,

நீ சொன்ன திங்கட்கிழமையே மாத்திரை வந்துடுச்சு. தவுக்கே டுரியான் காலம் முடியற வரைக்கும் இருக்கச் சொல்லிட்டார். அதுக்கு மேல பார்க்கலாம்னார்.

இப்போ என் சாட்சி அனம். யாசரோட வீட்டுக்காரங்க. எங்க கிராமத்துக் கம்போங் பாலர் பள்ளியில டீச்சர். சொந்தம் இல்லாதவங்க சாட்சியா இருக்க டாக்டர் தனியா அனுமதி கொடுத்திருக்காங்க. வேலைக்குப் போற வழியில எங்க வாசல் கேட் பக்கத்துல ஸ்கூட்டரை நிறுத்தி, எதிர்ல ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துக்குவாங்க. கண்ணை எடுக்க மாட்டாங்க. தமிழ் தெரியாது. பத்து நிமிஷமும் ஒரு பேச்சு இல்ல. கரைஞ்சதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, அமுக்கிட்டுப் போயிடறாங்க. சிக்னல் தொல்லையும் இல்ல, மேட்டுல ஏறவும் வேண்டாம்.

எல்லாம் முறையா நடக்குது. ஆனா யாரும் திட்டாம அந்தப் பத்து நிமிஷம் போகவே மாட்டேங்குது அக்கா. நேத்து நாய் குரைச்சுது, அது கூட எனக்கு ஆறுதலா இருந்துச்சு.

உன் சாவி போனதைப் படிச்சு எனக்கு ஒரு வேலையும் ஓடல. நீ சொல்லாம விட்டிருக்கலாம். நான் இப்படி எழுதறதே பொய்தான், நீ சொன்னதாலதான் நான் இருக்கேன். உன் மேல கோபம் இன்னும் முழுசாப் போகல. அம்மாவுக்கு மண்ணு போட விடாததுக்குச் சொல்றேன். அது எப்போ போகும்னு தெரியல.

சவரி

---

ஆங் மோ கியோ
17 ஜூன் 2025

சவரி,

கோபத்தை வச்சுக்கோ, அவசரம் இல்ல. மண்ணு விஷயத்துக்குத்தான், நீ எப்போ இங்க வர முடியும், உன் மருந்தோட உன்னை உள்ளே விடுவாங்களா, அதுக்கு யார் கிட்ட என்ன அனுமதி வாங்கணும்னு கேட்டு எழுதியிருக்கேன். ரெண்டு ஃபாரம் வந்திருக்கு, மூணாவது வரும்னு சொல்லியிருக்காங்க. என்னவோ, ஃபாரம் நிரப்பறதுதான் என் தலையெழுத்து. கல்லறைக்கு உன்னைக் கூட்டிட்டுப் போற வரைக்கும் நிரப்புவேன்.

ஜெபக் கூட்டத்துல போன வெள்ளிக்கிழமை மறுபடியும் கேட்டாங்க, உங்க தம்பி மருந்தில்லாம இருக்காரான்னு. “இல்ல, தினமும் மருந்து சாப்பிடறான், அதனாலதான் உயிரோட இருக்கான்”னு சொன்னேன். அப்புறம் ஜெபமாலையை ஆரம்பிச்சிட்டாங்க.

உன் நம்பர் இப்போ பிளாக்ல இல்ல. முன் கவுண்டருக்குப் பத்து மணிக்குத்தான் போகணும், காலையில நேரம் இருக்கு. அனம் டீச்சர் போனதும் மேட்டுல ஏறி அந்தக் கல்லு மேல உட்கார்ந்து கூப்பிடு. வாயில மாத்திரை இருக்காது, நீ பேசலாம். பத்து நிமிஷம் நான் வாயைத் திறக்க மாட்டேன், அம்மா மேல சத்தியம். நீ திட்டு.

அக்கா